நீல யானைக்கு எதற்குக் கூண்டு?



ஏப்ரல் 14க்கு முந்தைய வாரம், மீஞ்சூர் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குக் களிமண் கொடுத்தோம். அண்ணல் சிலை செய்யத்தான் ஆசைப்பட்டார்கள். மூக்குக் கண்ணாடி நிற்கவில்லை, நீட்டிய விரல் ஒடிந்து விழுந்தது. கடைசியில் எல்லோரும் யானைக்கு மாறிவிட்டார்கள். இரண்டு நாள் காயவைத்து வண்ணம் பூசினோம். ஒரு பெண் மட்டும் கறுப்பு அடித்தாள், மற்றவர்கள் கேட்காமலே நீல டப்பாவை எடுத்தார்கள். ஐந்தாவது படிக்கும் பையன் ஒருவன் தன் யானையைச் சுற்றித் துடைப்பக் குச்சிகளை வரிசையாக நட்டு, மேலே நூல் கட்டிக்கொண்டிருந்தான். "என்னடா இது?" என்று கேட்டோம். "கூண்டு அக்கா. செல வச்சா கூண்டு வைக்கணும்ல?" என்றான்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவன் பொன்னேரிக்கோ திருவொற்றியூருக்கோ பேருந்தில் போகும்போது பார்த்த அம்பேத்கர் சிலைகளில் பல கம்பிக்குள்தான் இருக்கின்றன. அவனைப் பொறுத்தவரை கூண்டும் சிலையின் ஒரு பாகம். பீடம் மாதிரி, மாலை மாதிரி.

யானை எப்படி நம்முடையதானது, ஏன் நீலம், ஏன் கூண்டு என்று அந்த வகுப்பில் வந்த மூன்று கேள்விகளுக்கும் அன்று எங்களால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். யானைக்குப் போகும் முன் குதிரையைப் பார்த்துவிடுவோம்.

எல்லையில் நிற்கும் குதிரை

தமிழ்நாட்டில் வண்ணம் பூசிய விலங்குச் சிலை என்றதும் நினைவுக்கு வருவது ஊர் எல்லைக் குதிரைதான். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பச்சையம்மன், மன்னார்சாமி கோயில்களில் இதைப் பார்க்கலாம். திருமுல்லைவாயல் பச்சையம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு, முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக உட்கார்ந்திருக்கும் முனிகளைத் தெரியும். தெற்கே போனால் அய்யனார். புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில் வழியின் இரு பக்கமும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அதே மாவட்டத்தின் குளமங்கலத்தில் நிற்கும் குதிரை முப்பது அடிக்கு மேல் உயரம்.

இந்தக் குதிரைகள் பிறக்கும் முறையில் ஊரின் சமூக அமைப்பு முழுவதும் தெரியும். புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குயவரிடம் கொடுப்பார்கள். இதற்குப் பிடிமண் என்று பெயர். ஒப்பந்தப் பத்திரம் இல்லாத காலத்தில் அதுவே ஒப்பந்தம். குயவர் கண்மாய்க் களிமண்ணோடு மணலும் வைக்கோலும் பிசைந்து கால், உடல், கழுத்து, தலை என்று உள்ளே வெற்றிடம் விட்டுப் பகுதி பகுதியாக எழுப்புவார். சூளையில் சுட்ட பிறகு சுண்ணாம்பும் காவியும் பூசுவார். இப்போது எனாமல் பெயின்ட். கடைசியில் கண் திறப்பு. பிறகு குயவர் தெருவிலிருந்து கோயில் வரை ஊர்வலம். பழைய குதிரைகளை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. அவை மழையில் கரைந்து மறுபடி மண்ணாகும்.

படிக்க அழகாகத்தான் இருக்கிறது. நாட்டுப்புறக் கலை நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். நாம் இன்னும் ஓரடி போக வேண்டும். பிடிமண் கொடுக்கும் கை யாருடையது? மண் பிசையும் கை யாருடையது? ஊர்வலத்தில் பறை அடிக்கும் கை யாருடையது? முதல் மரியாதைப் பரிவட்டம் எந்தத் தலையில் ஏறுகிறது? பல ஊர்களில் இந்த நான்குக்கும் நான்கு வெவ்வேறு சாதிகள். குதிரை ஒன்றுதான். அதைச் சுற்றி நிற்கும் வரிசைதான் சாதி.

குதிரையின் பொருளும் இதில்தான் இருக்கிறது. அய்யனார் இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றிவந்து காவல் காப்பதாக நம்பிக்கை. தமிழ்நிலத்தில் குதிரை உழவனின் விலங்காக இருந்ததில்லை. அது கடல் வழியாக இறக்குமதியானது. அரசனும் பாளையக்காரனும் ஏறியது. குதிரை மேல் இருப்பவன் ஆள்பவன், தரையில் நிற்பவன் ஆளப்படுபவன். ஊர் எல்லையில் அந்தச் சிலை சொல்லும் முதல் செய்தி காவல். இரண்டாவது செய்தி அதிகாரம். "ஊர்" என்ற சொல் பல இடங்களில் சேரியைச் சேர்க்காது என்பதால், அந்தக் காவல் யாருக்கானது என்ற கேள்வியும் உடன் வரும்.

நம் பக்கத்திலும் குதிரையேறிய ஒருவர் இருக்கிறார். மதுரை வீரன். கதைப்பாடல் மரபில் அவர் அருந்ததியர் தம்பதி வளர்த்த பிள்ளை. பொம்மியைக் காதலித்து அழைத்துப் போனவர். வெள்ளையம்மாள் பொருட்டு அரசாணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவர். பிறப்பில் அவர் காசி ராஜாவின் மகன் என்று கதை சொல்லும். சாதி மீறிய காதலை ஏற்க முடியாதவர்கள் பின்னால் ஒட்டிய பகுதி அது என்று வாதிடுவோர் உண்டு. எங்களுக்கும் அந்த வாதம் சரியென்றே படுகிறது. இன்று அவர் வெள்ளைக் குதிரையில், கையில் வாளோடு, இரு பக்கமும் பொம்மி வெள்ளையம்மாளோடு, பளிச்சென்ற வண்ணத்தில் தமிழ்நாடு முழுக்க நிற்கிறார். உயிரோடு இருந்தவரைக் கொன்றார்கள், கொன்ற பிறகு குதிரை கொடுத்தார்கள். சாதி ஆணவக் கொலைகளைப் பற்றிப் பேசும் நாம் அந்தச் சிலையை வெறும் சாமிச் சிலையாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது.

குதிரை விவகாரம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் சவாரி போனதும்தான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மணமகனின் ஊர்வலம் பெரும் போலீஸ் பாதுகாப்போடுதான் அந்த ஊர்த் தெரு வழியாகப் போக முடிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். திருமண ஊர்வலத்தில் குதிரையேறுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறது. ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து குதிரையைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த விலங்கு நம் சமூகத்தில் என்ன பொருள் தருகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

யானை நம்முடையதான கதை

யானையும் தொடக்கத்தில் நம்முடையது இல்லை. அது குதிரையைவிடப் பெரிய அரச சின்னம். பட்டத்து யானை, போர் யானை. குற்றவாளி என்று அரசன் சொன்னவரை மிதித்துக் கொன்ற தண்டனை யானையும் உண்டு.

நம் மேடைகளில் யானைக்கு ஒரு பௌத்த விளக்கம் சொல்வது வழக்கம். மாயாதேவியின் கனவில் வெள்ளை யானை வந்தது, அசோகர் ஒடிசாவின் தௌலிப் பாறையில் யானை செதுக்கினார், அதனால் யானை பௌத்தச் சின்னம் என்பார்கள். தகவல்கள் சரிதான். சாரநாத் தூணின் சிங்கங்களுக்குக் கீழே உள்ள வட்டப் பட்டையிலும் யானை, குதிரை, காளை, சிங்கம் நான்கும் உண்டு. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலில், அய்யனார், சாத்தன் வழிபாட்டின் அடியிலேயே பௌத்தம் இருக்கிறது என்று வாதிட்டார். அய்யனாருக்கு வெள்ளை யானை வாகனமும் உண்டு என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம். அயோத்திதாசப் பண்டிதர் நம் பண்டிகைகளையும் வழிபாடுகளையும் பௌத்தக் கண்ணால் திரும்ப வாசித்த மரபும் நமக்கு இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாபாசாகேப் தம் கடைசிப் பெரும் நூலான 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதும்போது மாயாவின் கனவைச் சொல்கிறார். அந்தக் கனவில் யானை வரவில்லை. சுமேதர் என்ற போதிசத்துவர் வந்து, எனக்குத் தாயாக இருக்கச் சம்மதமா என்று கேட்கிறார். கேட்டு, சம்மதம் வாங்கிப் பிறக்கும் பிள்ளை! அற்புதத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணின் விருப்பத்தை வைக்கிறது அந்த நூல். ஆகவே புராண யானையை மட்டும் பிடித்துக்கொண்டு நம் யானையை விளக்கினால், அண்ணலே விட்டுவந்த இடத்துக்கு நாம் திரும்பிப் போகிறோம்.

நம் யானைக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. அது பிறந்த இடம் வாக்குப்பெட்டி. 1942இல் நாக்பூரில் தொடங்கப்பட்டது பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு. அதன் கொடி நீலம். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்குரிமை பெற்றவர்கள் 17 கோடிக்கு மேல். நாட்டின் எழுத்தறிவோ 18 விழுக்காடு அளவில்தான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவர் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட வேண்டும். அந்தத் தேர்தலில் கூட்டமைப்பின் பெட்டி மேல் ஒட்டியிருந்த படம் யானை.

பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாத ஒரு தலைமுறை, முதன்முதலாகப் படித்துத் தேர்ந்தெடுத்த எழுத்து அந்த யானை. அண்ணல் பம்பாயில் தோற்றார். மக்களவைக்குக் கூட்டமைப்பிலிருந்து இருவர்தான் போனார்கள். ஆனால் யானை தங்கிவிட்டது. 1957 அக்டோபரில் உருவான இந்தியக் குடியரசுக் கட்சிக்கும், 1984 ஏப்ரல் 14இல் கன்ஷிராம் தொடங்கிய பகுஜன் சமாஜ் கட்சிக்கும் யானையும் நீலமும் மரபாக வந்தன. கூட்டமைப்புக்கும் குடியரசுக் கட்சிக்கும் தலைவராக இருந்த என். சிவராஜ், சென்னையின் மேயராக இருந்தவர், 1957இல் செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குப் போனவர். நம் மீஞ்சூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, நீல யானை வடக்கேயிருந்து இங்கே வந்திறங்கிய சின்னம் என்பது தவறு.

நீலத்துக்கு வானம், சமத்துவம், அண்ணலின் கோட்டு என்று பல விளக்கங்கள் உண்டு. எது முதல் என்று சண்டை போட வேண்டியதில்லை. அந்த வண்ணம் எவ்வளவு அரசியலானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் உடைக்கப்பட்ட அம்பேத்கர் சிலைக்குப் பதிலாக வைத்த புதுச் சிலை காவி உடையோடு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. ஒரே நாளில் அது நீலமானது. சிலை அதே சிலைதான். இரண்டு பூச்சு பெயின்ட்டுக்கு நடுவே நடந்தது ஓர் அரசியல் போர்.

துணி போர்த்திய யானைகள்

யானைச் சிலை என்றால் லக்னோவையும் நொய்டாவையும் பேசாமல் முடிக்க முடியாது. மாயாவதி ஆட்சியில் எழுந்த நினைவிடங்களில் கல் யானைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நொய்டா நினைவிடம் 2011 அக்டோபர் 14 அன்று திறக்கப்பட்டது. அண்ணல் பௌத்தம் தழுவிய நாள் அது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2012 ஜனவரியில், தேர்தல் நேரம் என்று சொல்லி மாயாவதி சிலைகளையும் யானைகளையும் மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். கல் யானைகளுக்குத் துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றினார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் போயின. மூடியதாலேயே கூடுதலாகத் தெரிந்தன.

கட்சி சொன்ன வாதம் எளியது: தேர்தல் சின்னத்தில் யானையின் துதிக்கை கீழே இருக்கிறது, சிலைகளில் மேலே தூக்கியிருக்கிறது, அது வரவேற்கும் யானை. பொதுப்பணத்தில் சிலை எழுப்பியதை எதிர்த்து 2009இல் உச்ச நீதிமன்றம் போன வழக்கு, 2025 ஜனவரியில்தான் முடித்துவைக்கப்பட்டது. இதற்கு நடுவே 2018இல் குஜராத்தில் 182 மீட்டர் பட்டேல் சிலை ஏறத்தாழ 3,000 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது. யானைக்குக் கணக்குக் கேட்ட குரல்கள் அங்கே எவ்வளவு ஒலித்தன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரட்டை அளவுகோலைச் சொல்லிவிட்டு நம்மை நாம் கேட்டுக்கொள்ளாமல் போவதும் நேர்மையில்லை. 2007 தேர்தலில், இது யானை அல்ல விநாயகர் என்கிற முழக்கத்தோடு அந்தக் கட்சி பிற சாதிகளின் வாக்குகளைத் தேடியது. 403 இடங்களில் 206 வென்றது. 2022இல் அதே மாநிலத்தில் ஒரே இடம். 2024 மக்களவைத் தேர்தலில் ஓரிடமும் இல்லை. கல் யானைகள் அப்படியேதான் நிற்கின்றன. சிலை இயக்கத்தை நினைவூட்டும், இயக்கத்துக்குப் பதிலாக நிற்காது. சமூகவியலில் எம். என். சீனிவாஸ் சொன்ன 'சமஸ்கிருதமயமாக்கம்' கருப்பசாமியின் சுருட்டைப் பிடுங்குவதோடு நிற்பதில்லை, யானைக்குத் திருநீறும் பூசும்.

தமிழ்நாட்டில் 2024 ஆகஸ்டில் ஒரு புதிய கட்சியின் கொடியில் இரண்டு போர் யானைகள் வந்தபோது பகுஜன் சமாஜ் எதிர்த்தது. பலர் அதைக் கேலி செய்தார்கள். அசாமில் வேறொரு கட்சிக்கும் யானைச் சின்னம் உண்டு, யானை யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். அதற்கு முந்தைய மாதம், ஜூலை 5 மாலை, அந்தக் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். நம் மாவட்டத்துப் பொத்தூர் மண்ணில் அவரைப் புதைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வடசென்னைச் சுவர்களில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் நீல யானை. அந்த நேரத்தில் யானை வெறும் படமாக இருக்கவில்லை, துக்கமாக இருந்தது.

கூண்டு

இப்போது பையனின் துடைப்பக் குச்சிகளுக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் பல ஊர்களில் உடைப்புக்குப் பிறகு, சில ஊர்களில் உடைப்புக்கு முன்பே, நிர்வாகம் காணும் தீர்வு கம்பிக் கூண்டு. உடைத்தவன் வெளியே, உடைபட்டவர் உள்ளே! சட்டம் இதைச் சொல்லவில்லை. குதிரையைச் சட்டத்தில் எழுதிய அதே 2015 திருத்தம்தான், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உயர்வாகப் போற்றும் பொருளைச் சேதப்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் வன்கொடுமை என்கிறது. சிலை, படம் இரண்டும் அந்த 'பொருளில்' அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கம்பி சிலைக்கு அல்ல, குற்றவாளிக்கு என்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

எல்லைக் குதிரைக்கு யாரும் கூண்டு போடுவதில்லை. அது வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் நிற்கிறது. அதை யாரும் உடைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஊருக்கு இருக்கிறது. நம் சிலைக்குக் கூண்டு என்றால், இங்கே ஒருவன் உடைப்பான் என்பதை நிர்வாகம் எதிர்பார்க்கிறது என்று பொருள். எதிர்பார்ப்பவர்கள் தடுக்கலாம், வழக்குப் பதியலாம், தண்டனை வாங்கித் தரலாம். அவை எல்லாவற்றையும்விடக் கம்பி மலிவு.

உடனே கூண்டையெல்லாம் பிடுங்கிப் போடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பகுதி அம்மாக்கள் சிலர், "கம்பி இல்லன்னா ராத்திரி யாரு கண்ணு, காவலுக்கு நிப்பா? நம்ம பசங்கதான் நிக்கணும், நம்ம பசங்க மேலதான் கேசு வரும்" என்றார்கள். அந்த அச்சம் அனுபவத்திலிருந்து வருவது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் கூண்டு தற்காலிக ஏற்பாடு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது சிலையின் பாகமாகிவிடும். ஆகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். மீஞ்சூரில் ரயிலேறினால் சென்ட்ரல், அங்கிருந்து பக்கம்தான். அமராவதிச் சிற்பங்களில் ஒரு வட்டக் கல் இருக்கிறது. தேவதத்தன் சொல்லி, கள்ளூட்டி வெறியேற்றி, ராஜகிருகத் தெருவில் புத்தர் மீது ஏவப்பட்ட நளகிரி யானை அதில் இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் ஆட்களைத் தூக்கி வீசுகிறது. மறுபக்கம் புத்தர் முன்னால் மண்டியிடுகிறது. கொல்வதற்கு ஏவிய யானை அங்குசமோ சங்கிலியோ கூண்டோ இல்லாமல் அடங்கிய காட்சி. நம் யானைக்குப் பழைய வேர் ஒன்று வேண்டுமென்றால் நாங்கள் இதைத் தேர்ந்தெடுப்போம்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். உங்கள் பகுதியில் கூண்டுக்குள் இருக்கும் அம்பேத்கர் சிலைகளை எண்ணுங்கள். எந்த ஆண்டு வைத்த சிலை, எந்த ஆண்டு வந்த கூண்டு, யார் உத்தரவு, அதற்கு முன் உடைப்பு நடந்ததா, நடந்திருந்தால் எந்தப் பிரிவில் வழக்கு, வழக்கு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டால் நினைவிலிருந்து சொல்வார்கள். மீதிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரை நாங்கள் தொடங்கியிருக்கிறோம்.

பையனின் யானை வகுப்பு அலமாரியில்தான் இருக்கிறது. குச்சிகளை நாங்கள் எடுக்கவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. பதிலோடு போய்த்தான் எடுக்கச் சொல்ல வேண்டும்.